படி சுருங்கிய காலம்

மதுரைக்கு வடக்கே ஏறத்தாழ 21 கிலோமீட்டர் தொலைவில் மலையடிவாரத்தில் அமைந்த ஊர் அழகர்கோவில். பேராசிரியர் தொ. பரமசிவன் அவர்களின் 'அழகர் கோயில்' என்னும் ஆய்வு நூலைக் கற்ற தமிழ் மாணவர் எவருக்கும் அவ்வூர் புதியதன்று. பழைய கோட்டைச் சுவரையும், பதினெட்டாம்படிக் கருப்பசாமியின் பெருங்கதவையும், மலைமேல் நூபுர கங்கையையும் மாணவர்களுக்குக் காட்ட வேண்டும் என்னும் விருப்பத்தால் நாம் ஒரு நாள் அங்குச் சென்றிருந்தோம். திரும்பும் வேளையில், பேருந்துக்காக ஒரு சிறு பெட்டிக்கடையின் நிழலில் ஒதுங்கி நின்றபோது கண்ட காட்சியே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

பேத்தியைக் கையில் பிடித்தவாறு ஒரு மூதாட்டி கடைக்கு வந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றை எடுத்துக் கொடுத்து பிஸ்கட் பொட்டலம் ஒன்று கேட்டார். கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். மூதாட்டி அதை உள்ளங்கையில் வைத்து இருமுறை தூக்கிப் பார்த்தார். "என்ன தம்பி, காத்தாட்டம் இருக்கு?" என்றார். "வெல அதேதான் அப்பத்தா, கூட்டலையே" என்றார் கடைக்காரர். "வெல அதேதான், பண்டம் எங்க?" என்று கேட்டுவிட்டு, விடைக்குக் காத்திராமல் பேத்தியிடம் பொட்டலத்தைக் கொடுத்து நடந்தார் அவர்.

எழுத்தறிவில்லாத அந்த அம்மையார் உள்ளங்கையையே துலாக்கோலாக்கிக் கேட்ட அக்கேள்வி, பொருளியல் அறிஞர் பலரும் இன்று ஆராய்ந்து வரும் கேள்வியாகும். விலையை ஏற்றாமல் பண்டத்தின் அளவை மட்டும் குறைத்து விற்கும் இவ்வழக்கத்தை மேலை நாட்டார் 'ஷ்ரிங்க்ஃப்ளேஷன்' என்பர். நாம் அதனை 'அளவுச் சுருக்கம்' என்று வழங்கலாம். அது எவ்வாறு தோன்றிற்று, சட்டம் அதைப் பற்றி என்ன சொல்கிறது, அறம் என்ன சொல்கிறது என்பவற்றை இங்கு ஒருவாறு காண்போம்.

படியும் விலையும்

தமிழில் 'படி' என்னும் சொல் முகத்தல் அளவையை மட்டும் குறிப்பதன்று. உணவளித்துக் காப்பவனைப் 'படியளப்பவன்' என்கிறோம். எல்லா உயிர்க்கும் படியளப்பவன் இறைவன் என்று எல்லாச் சமயத்தாரும் ஒரே சொல்லால் கூறுகின்றனர். கோயில்களில் அன்றாட வழிபாட்டுக்கெனத் திட்டம் செய்யப்பட்ட பொருள்களின் அளவைப் 'படித்தரம்' என்பர். சித்திரைத் திருவிழாவில் அழகர் மதுரைக்கு வரும் வழியெங்கும் நடப்பது 'மண்டகப்படி'. ஆக, படி என்பது நம் மொழியில் வாழ்வாதாரத்தின் பெயராகவே நிலைத்துவிட்டது.

அந்தப் படிக்கு ஒழுங்கான வாய்பாடும் இருந்தது. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. எட்டுப் படி ஒரு மரக்கால். இவ்வாய்பாட்டைத் திண்ணைப் பள்ளியில் மனப்பாடம் செய்த தலைமுறை அண்மைக்காலம் வரை நம்மோடு வாழ்ந்தது. முற்காலத்தில் அளவைகளுக்குப் பெயரிட்டுப் போற்றும் வழக்கமும் இருந்தது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நெல்லளக்கும் மரக்காலுக்கு 'ஆடவல்லான்' என்னும் இறைவன் பெயரே சூட்டப்பட்டிருப்பதைக் காண்கிறோம். அளவை குறைந்தால் இறைவனின் பெயரே குறைபட்டதாகும் என்னும் அச்சத்தை அப்பெயர் ஊட்டியிருக்கும் என நாம் எண்ணிப் பார்க்கலாம்.

பழங்காலத்து வணிகர் அனைவரும் நேர்மையாளர் என்று சொல்ல வருகிறோமல்லோம். ஊருக்கு ஊர் படி வேறுபட்டது. வாங்கும்போது குவித்தளந்து, விற்கும்போது தலைதட்டி அளந்தவர் உண்டு. அடிப்பாகத்தை உள்ளே தட்டிக் குழித்த படியும் உண்டு. ஆயினும் ஒரு செய்தி கருதத்தக்கது. படி என்பது ஊரார் அனைவரும் அறிந்த ஒன்று. அதன் அளவு நிலையானது. மழை பொய்த்தால் ஒரு படி அரிசியின் விலை ஏறும். விளைச்சல் பெருகினால் இறங்கும். மாறியது விலையே, படியன்று. விலை ஏறியதை வணிகர் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. வாங்குவோர் அதைக் கேட்டு முகம் சுளிக்கவும், பேரம் பேசவும், அடுத்த கடைக்குச் செல்லவும் இயன்றது. காய்கறி வாங்கினால் கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் கொசுறாகக் கிடைத்தன.

விடுதலைக்குப் பின், 1956-ஆம் ஆண்டின் எடை அளவுத் தரச் சட்டத்தால் மெட்ரிக் முறை வந்தது. 1958 முதல் அது சிறிது சிறிதாக நாடெங்கும் பரவியது. ஊருக்கு ஊர் வேறுபட்ட படி மறைந்து கிலோவும் லிட்டரும் வந்தது பெரும் நன்மையே. கிலோவும் படியைப் போல் நிலையானது. எவருடைய விருப்பத்துக்கும் சுருங்காதது. ஆனால் அதற்குப் பின் வந்த பொட்டலப் பண்பாடு இந்நிலையைத் தலைகீழாக்கிவிட்டது.

பொட்டலம் வந்த வழி

சிறு பொட்டலத்தின் வரலாற்றில் தமிழகத்துக்குச் சிறப்பிடம் உண்டு. கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் அவர்கள், செல்வர் வீட்டுப் புட்டிகளில் மட்டும் இருந்த ஷாம்புவை ஒருமுறை பயன்படுத்தும் சிறு உறைகளில் அடைத்து எளியோர்க்கும் எட்டச் செய்தார். 'வெல்வெட்' என்னும் பெயரில் வந்த அவ்வுறையைத் தொடர்ந்து, அவருடைய மைந்தர் சி. கே. ரங்கநாதன் அவர்கள் 1983-இல் தொடங்கிய தொழில் 'சிக்' ஷாம்புவைச் சிற்றூர்களுக்கெல்லாம் கொண்டு சென்றது. அன்றாடக் கூலி பெறுவோர் அன்றாடத் தேவைக்கு மட்டும் வாங்கிக்கொள்ள வழி செய்த இம்முறையை நாம் குறை கூறுதல் தகாது. பெரும்புட்டிக்கு முதலிட முடியாத குடும்பத்துக்கு அது உண்மையான உதவியே.

ஆயினும் சிறு பொட்டலத்தோடு ஒரு புதிய வழக்கமும் நுழைந்தது. ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய், பத்து ரூபாய் என நாணயத்துக்கும் நோட்டுக்கும் பொருந்துமாறு விலை வகுக்கப்பட்டது. சில்லறை கொடுத்து வாங்கும் தொல்லை இல்லை, கடைக்காரர்க்கும் எளிது. குழந்தைகூட 'அஞ்சு ரூபா பிஸ்கட்' என்று கேட்டு வாங்கிவிடும். நாளடைவில் பண்டத்தின் பெயரோடு விலையும் ஒட்டிக்கொண்டது. '60 கிராம் பிஸ்கட் கொடுங்கள்' என்று கேட்பாரை நாம் எந்தக் கடையிலும் கண்டதில்லை. விலை நிலையானதாயிற்று, படி நெகிழ்வதாயிற்று. முன்பு ஊருக்குப் பொதுவாக இருந்த படி, இப்போது பொட்டலம் அடைப்பவரின் கைக்குச் சென்றுவிட்டது.

சுருங்கியது எவ்வளவு?

நாடறிந்த சில எடுத்துக்காட்டுகளைக் காண்போம். உக்ரைன் போரை ஒட்டி 2022-இல் சமையல் எண்ணெய், கோதுமை முதலியவற்றின் விலை உலகெங்கும் ஏறியது. அவ்வாண்டு ஏப்ரல் 28 முதல் மே 23 வரை இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியைத் தடை செய்திருந்தது. பாமாயிலைப் பெருமளவு இறக்குமதி செய்யும் நம் நாட்டில் பிஸ்கட், நொறுக்குத்தீனி, சோப்பு ஆகிய தொழில்கள் பெரிதும் தாக்குண்டன. அப்போது பத்து ரூபாய் 'விம்' கட்டி 155 கிராமிலிருந்து 135 கிராமாகக் குறைந்தது. 'ஹால்திராம்' ஆலு புஜியாவின் பத்து ரூபாய்ப் பொட்டலம் 55 கிராமிலிருந்து 42 கிராமாகக் குறைந்தது. இரண்டிலும் உறை மேல் இருந்த விலை மாறவில்லை.

இங்கு ஒரு கணக்கை மாணவர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். 55 கிராம் 42 ஆனால் குறைந்தது 13 கிராம்; அஃதாவது ஏறத்தாழ 24 விழுக்காடு. எனவே விலையும் 24 விழுக்காடு ஏறியதாகப் பலர் எண்ணுவர். அது பிழை. முன்பு கிராமுக்கு 18 காசு கொடுத்தோம். இப்போது 24 காசுக்குச் சற்றுக் குறைவாகக் கொடுக்கிறோம். உண்மையான விலையேற்றம் ஏறத்தாழ 31 விழுக்காடு. அளவைக் கால் பங்கு குறைத்தால் விலை மூன்றில் ஒரு பங்கு ஏறியதாகும். அளவைப் பாதியாக்கினால் விலை இரட்டித்ததாகும். அளவுச் சுருக்கம் எப்போதும் தன் உருவத்தைச் சிறியதாகவே காட்டும்.

இன்னொரு பக்கத்தையும் நடுநிலையோடு நோக்குதல் வேண்டும். இந்தியக் குழந்தைகள் பல தலைமுறையாக உண்டுவரும் 'பார்லே-ஜி' பிஸ்கட்டின் சிறு பொட்டலம் 1990-களில் நான்கு ரூபாய்க்கு 100 கிராமாக இருந்தது என்றும், பின்னர் 92.5, 88 எனப் படிப்படியாகக் குறைந்து, ஐந்து ரூபாய்க்கு 55 கிராமாயிற்று என்றும் செய்தித்தாள்கள் எழுதின. கிராமுக்கு 4 காசாக இருந்தது 9 காசாயிற்று. கால் நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலத்தில் கோதுமையும் சர்க்கரையும் கூலியும் எவ்வளவு ஏறின என்பதை இல்லம் நடத்துவோர் அறிவர். அவற்றோடு ஒப்பிட்டால் இவ்வேற்றம் பேராசை எனக் கூறிவிட முடியாது. ஏழையின் கையிலுள்ள ஐந்து ரூபாய்க்கு ஏதேனும் ஒன்று கிடைத்தல் நன்றுதானே என்று தொழில் செய்வோர் கேட்பது பொருளற்ற கேள்வியன்று.

எனவே விலை ஏறலாகாது என்பது நம் வழக்கன்று. மூலப்பொருளின் விலை ஏறினால் பண்டத்தின் விலை ஏறியே தீரும். அந்த ஏற்றம் வாங்குவோர்க்குத் தெரியும் வகையில் நிகழ்கிறதா, தெரியாத வகையில் நிகழ்கிறதா என்பதே வழக்கு.

தெரியாமற்போவது ஏன்?

நூறு ரூபாய்ப் பொருள் நூற்றுப்பத்து ஆனால் உடனே உணர்கிறோம். நூறு கிராம் தொண்ணூறு ஆனால் உணர்வதில்லை. விலை கையிலிருந்து போவது. அதைக் கணக்கிட்டே கொடுக்கிறோம். அளவோ உறைக்குள் இருப்பது; அதை நம்பிப் பெறுகிறோம். உறையின் நீள அகலம் மாறாமல் உள்ளிருக்கும் பண்டம் மட்டும் குறையும்போது கண்ணும் ஏமாறுகிறது. சோப்புக் கட்டியின் நடுவே பள்ளம் விழுகிறது. புட்டியின் அடிப்பாகம் உட்குழிகிறது. அடிப்பாகத்தைக் குழித்த பழைய படியை இது நினைவூட்டவில்லையா? 2016-இல் 'டோப்லரோன்' என்னும் சாக்லேட்டு இங்கிலாந்தில் 170 கிராமிலிருந்து 150 கிராமாகக் குறைக்கப்பட்டது. நீளம் மாறாதிருக்க, முக்கோணத் துண்டுகளுக்கிடையே உள்ள இடைவெளி அகலமாக்கப்பட்டது. அது ஊரெங்கும் நகைப்புக்கு இடமாகவே, 2018-இல் பழைய வடிவமே மீண்டும் வந்தது.

கூட்டும்போதும் குறைக்கும்போதும் வணிகம் பேசும் மொழி வேறுபடுவதையும் நோக்குக. 2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட்டுக்கான சரக்கு சேவை வரி 18 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. அப்போது ஐந்து ரூபாய், பத்து ரூபாய்ப் பொட்டலங்களின் விலையைக் குறைப்பதினும் எடையைக் கூட்டித் தருவதே இயலும் எனத் தொழில் நிறுவனங்கள் பல கருத்துரைத்தன. எடை கூடும் நாளில் 'கூடுதல்' என்னும் சொல் உறையின் முகப்பில் கொட்டை எழுத்தில் மின்னுகிறது. எடை குறையும் நாளில் அதே முகப்பு வாய் திறப்பதில்லை. உறையின் பின்புறத்தில் ஓர் எண் மட்டும் மாறிவிடுகிறது.

உணவகங்களின் நிலை

பொட்டலத்திலாவது எடை அச்சிடப்பட்டிருக்கிறது. உணவகத்தில் அதுவும் இல்லை. தேநீர்க் கடையில் வடையின் விலை நிற்க, வடை சிறுக்கிறது, நடுத்துளை பெருக்கிறது. தேநீர்க் குவளையின் அடிக்கண்ணாடி தடிக்கிறது, நுரை மேலோங்குகிறது. புரோட்டா மெலிகிறது. இவற்றைக் காணாத மதுரைவாசி இரார்.

ஆனால் நம் உணவகங்களிலேயே ஒரு நல்ல முன்மாதிரியும் உண்டு. 'அளவுச் சாப்பாடு' என்னும் பலகையை நாம் அறிவோம். இவ்வளவுதான் சோறு, இத்தனைதான் கூட்டு என்று முன்கூட்டியே சொல்லி, அதற்கேற்ற விலையும் குறித்துவிடும் முறை அது. குறைவாகக் கொடுப்பதில் குற்றமில்லை. குறைவு என்று சொல்லிக் கொடுத்தால் அது வணிகம். சொல்லாமல் கொடுத்தால் அதற்குப் பெயர் வேறு. அளவுச் சாப்பாட்டுப் பலகை எழுதிய அந்தப் பழைய உணவகக்காரர் இந்நுட்பத்தை அறிந்தவராகவே இருந்தார்.

விரைவு உணவகங்கள் பெருகிய மேலை நாடுகளிலும் இதே கதைதான். அமெரிக்காவில் 'டாமினோஸ்' நிறுவனம் 2022-இல் 7.99 டாலர் விலையை மாற்றாமல் கோழி இறக்கைத் துண்டுகளைப் பத்திலிருந்து எட்டாகக் குறைத்தது. 'பர்கர் கிங்' நிறுவனமும் அவ்வாண்டில் கோழித் துண்டுகளைப் பத்திலிருந்து எட்டாக்கியது. எண்ணி விற்கும் பண்டமாதலால் அது உடனே வெளிப்பட்டது. நம் நாட்டில் பல கிளைகளைக் கொண்ட உணவகங்கள் உணவின் கலோரி அளவையும் பரிமாறும் அளவையும் பட்டியலில் காட்ட வேண்டும் என்னும் விதி, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி 2022 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தது. தெருமுனைக் கடைக்கு அது பொருந்தாது. அங்கே நுகர்வோரின் கண்ணும் கடைக்காரரின் மனச்சான்றுமே தராசு.

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டத்தின் நோக்கில், உறைமேல் 100 கிராம் என்று அச்சிட்டு உள்ளே 90 கிராம் வைப்பது குற்றம். உறைமேல் 90 கிராம் என்று சிற்றெழுத்தில் அச்சிட்டு 90 கிராமே வைப்பது குற்றமன்று, நேற்றுவரை அது நூறாக இருந்தபோதிலும். இவ்வேறுபாட்டை மாணவர்கள் மனத்தில் இருத்த வேண்டும். முதலாவது பொய், இரண்டாவது மௌனம். நம் சட்டம் பொய்யைத் தண்டிக்கும், மௌனத்தைத் தண்டிக்காது.

பொய்யைத் தண்டித்தமைக்குத் தமிழகத்திலேயே ஒரு சான்று உண்டு. 2021 டிசம்பரில் சென்னையைச் சேர்ந்த ஒருவர் ஐ.டி.சி. நிறுவனத்தின் 'சன்ஃபீஸ்ட் மாரி லைட்' பிஸ்கட் வாங்கினார். உறையில் 16 பிஸ்கட் என்றிருக்க, உள்ளே 15 மட்டுமே இருந்தன. பிஸ்கட் எடையால் விற்கப்படுவதே அன்றி எண்ணிக்கையால் அன்று என நிறுவனம் வாதிட்டது. உறையில் 76 கிராம் என்றிருக்க, நிறுத்துப் பார்த்தபோது 74 கிராமே இருந்தது. திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் 2023-இல் அவருக்கு ஒரு லட்சம் ரூபாய் இழப்பீடும், வழக்குச் செலவாகப் பத்தாயிரம் ரூபாயும் வழங்க ஆணையிட்டது. முக்கால் ரூபாய் பெறும் ஒரு பிஸ்கட்டுக்காக ஒருவர் மன்றம் ஏறினார் என்று நகைத்தவர் உண்டு. ஒரு பொட்டலத்தில் ஒன்று என்பது நாள்தோறும் இலட்சக்கணக்கான பொட்டலங்களில் எவ்வளவு என்பதை எண்ணியவர் நகைக்கவில்லை.

பொட்டலங்களுக்கான விதிகள் 1977-இல் முதன்முதலாக வந்தன. அதிகபட்ச சில்லறை விலையை எல்லா வரியும் உட்பட அச்சிடும் முறை 1990-இல் வந்தது. இப்போது நடைமுறையில் உள்ளவை 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டமும், அதன்கீழ் அமைந்த 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள்கள் விதிகளும் ஆகும். இவ்விதிகளின் இரண்டாம் அட்டவணை, பிஸ்கட், ரொட்டி, தேயிலை, சமையல் எண்ணெய், சோப்பு முதலிய 19 வகைப் பண்டங்களை வரையறுத்த அளவுகளில் பொட்டலமிட வேண்டும் என்று கூறியது. ஒருவகையில் அது அரசு வகுத்த படி எனலாம். 2021 நவம்பரில் வெளியான திருத்தம் அவ்வட்டவணையை நீக்கியது. அதற்கு ஈடாக 'அலகு விற்பனை விலை' என்பதை அச்சிட வேண்டும் என்றது. ஒரு கிலோவுக்குக் குறைந்த பொட்டலத்தில் ஒரு கிராம் என்ன விலை என்றும், ஒரு கிலோவுக்கு மேற்பட்டதில் ஒரு கிலோ என்ன விலை என்றும் குறிப்பிட வேண்டும். திரவங்களுக்கு மில்லிலிட்டரும் லிட்டரும் அவ்வாறே.

இம்மாற்றத்தின் பொருள் யாது? எந்த அளவிலும் படி செய்துகொள்ளலாம். ஆனால் கிராமின் விலையை மறைக்கலாகாது என்பதே. இது நல்ல கருவிதான். பெரிய பொட்டலமே எப்போதும் மலிவு என்னும் நம்பிக்கைகூடச் சில வேளைகளில் பொய்யாவதை அவ்வெண் காட்டிவிடும். ஷாம்பு உறைகளில் சிறியதே மலிவாக இருப்பதும் உண்டு. ஆயினும் அவ்வெண்ணைக் கண்ணுற்றோர் எத்தனை பேர்? அது இருக்கும் இடம் உறையின் மடிப்பு. அதன் எழுத்து எறும்பின் கால். அன்றியும், இன்றைய விலையை மட்டுமே அது கூறும். சென்ற திங்கள் என்னவாக இருந்தது என்பதைக் கூறாது. அழகர்கோவில் மூதாட்டியின் கேள்விக்கு அதில் விடையில்லை.

அறம் என்ன சொல்கிறது?

அளவையும் நிறுவையும் பற்றி அறநூல்கள் பேசுமளவுக்கு வேறு வணிகச் செய்தியைப் பற்றிப் பேசியிருக்குமா என்பது ஐயமே. திருக்குறளில் 'நடுவு நிலைமை' அதிகாரத்தின் இறுதிக் குறள், பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணிச் செய்வதே வாணிகம் என்னும் கருத்தை உரைக்கிறது. பட்டினப்பாலை, கொள்ளும்போது மிகுதியாகக் கொள்ளாமலும் கொடுக்கும்போது குறைத்துக் கொடுக்காமலும் வாழ்ந்த காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் போற்றுகிறது. திருக்குர்ஆனின் 83-ஆம் அத்தியாயத்தின் பெயரே, அளவில் குறைப்போர் என்னும் பொருளுடைய 'அல்முதஃப்பிஃபீன்' என்பதாகும். தாம் பெறும்போது நிறைய அளந்து கொண்டு, பிறர்க்குக் கொடுக்கும்போது குறைப்போரை அவ்வத்தியாயம் வன்மையாக எச்சரிக்கிறது. மத்யன் நகரத்தாரிடம் அனுப்பப்பட்ட நபி ஷுஐப் (அலை) அவர்களின் அறிவுரையிலும் நிறைவாக அளத்தல் தலையாய இடம் பெறுகிறது.

நம் பொருளுக்கு மிக நெருங்கிய நிகழ்ச்சி ஒன்று நபிமொழித் தொகுப்பாகிய ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியல் ஒன்றினுள் கையை நுழைத்தபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. மழை நனைத்துவிட்டது என்று வணிகர் காரணம் கூறினார். ஈரமான தானியத்தை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்னும் கருத்தில் அவர்கள் வினவியதோடு, ஏமாற்றுவோர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்றும் எச்சரித்தார்கள்.

இந்நிகழ்ச்சியின் நுட்பத்தை நாம் சிந்திக்க வேண்டும். மழை பெய்தது வணிகரின் குற்றமன்று. நனைந்த தானியத்தை விற்கலாகாது என்றும் அவருக்குச் சொல்லப்படவில்லை. குறையை மேலே வை. கண்டு வாங்குவோர் வாங்கட்டும் என்பதே அறிவுரை. மூலப்பொருள் விலையேற்றம் என்பது இன்றைய மழை. அது எந்த வணிகரின் குற்றமும் அன்று. ஆனால் நனைந்த தானியம் உறையின் பின்புறத்தில் சிற்றெழுத்தாகக் கிடக்கிறது. முகப்பில் உலர்ந்த தானியம் பளபளக்கிறது.

வியப்பென்னவெனில், இக்காலத்துச் சட்டங்கள் சில இதே அறத்தை நோக்கி வந்துள்ளன. பிரான்சு நாட்டில் 2024 ஜூலை முதல், அளவு குறைக்கப்பட்டு ஒப்பீட்டு விலை உயர்ந்த பண்டத்தின் அருகே அச்செய்தியைப் பெரிய கடைகள் இரண்டு திங்கள் அறிவிப்பாக வைக்க வேண்டும். தென்கொரியாவிலும் அவ்வாண்டு ஆகஸ்டு முதல், சொல்லாமல் அளவைக் குறைக்கும் உற்பத்தியாளர்க்கு அபராதம் விதிக்க வழி செய்யப்பட்டது. குறைக்காதே என்று இச்சட்டங்கள் கூறவில்லை. குறைத்ததை மேலே வை என்றே கூறுகின்றன. நம் நாட்டிலும் அத்தகைய விதி வருதல் நன்று.

நாம் செய்யத்தக்கவை

சட்டம் வரும்வரை வாளாவிருத்தல் கற்றோர்க்கு அழகன்று. மாணவர்கள் மூன்று பழக்கங்களை மேற்கொள்ளலாம். பொட்டலத்தைக் கையில் எடுத்ததும் விலைக்கு முன் நிகர எடையைப் படித்தல் முதலாவது. அலகு விற்பனை விலையைக் கொண்டு இரு பொட்டலங்களை ஒப்பிடல் இரண்டாவது. வீட்டில் அடிக்கடி வாங்கும் பத்துப் பண்டங்களின் எடையை ஒரு குறிப்பேட்டில் நாளிட்டு எழுதி, ஆறு திங்களுக்கு ஒருமுறை மீண்டும் பார்த்தல் மூன்றாவது. இம்மூன்றாவதே சென்ற திங்களின் அளவை நினைவில் வைத்திருக்கும் வழி. எழுத்தறியாப் பெற்றோர்க்கும் பாட்டிமார்க்கும் அவ்வெண்களைப் படித்துக் காட்டுதல் படித்த பிள்ளையின் கடமை.

உறையில் சொன்ன எடையே குறைந்திருந்தால் அது வழக்குக்குரியது. தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தை நடைமுறைப்படுத்துவது தொழிலாளர் துறையாகும், அதனிடம் முறையிடலாம். 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணையும் அழைக்கலாம். உறையையும் விலைச்சீட்டையும் எறிந்துவிடாமல் வைத்திருத்தல் வேண்டும்.

இம்மலரைப் படிக்கும் பெரியோர்களில் வணிகம் செய்வோர் பலர். மளிகை, அடுமனை, உணவகம், தேநீர்க் கடை எனத் தலைமுறையாக நேர்மையால் பெயர் பெற்ற குடும்பங்கள் நம்மிடையே உள்ளன. அவர்களிடம் ஒரு வேண்டுகோள். மாவும் எண்ணெயும் விலையேறும் நாளில் பண்டத்தின் விலையை ஏற்றுங்கள். அல்லது அளவைக் குறையுங்கள். எதைச் செய்தாலும் கடை முகப்பில் ஒரு சிலேட்டுப் பலகையில் அதை எழுதி வையுங்கள். 'எண்ணெய் விலை ஏறியதால் இன்று முதல் சமோசா சற்றுச் சிறியது' என்று எழுதிய கடையை மக்கள் விட்டுச் செல்வார்கள் என நாம் எண்ணவில்லை. இரண்டு நாள் முணுமுணுப்பார்கள்; மூன்றாம் நாள் அக்கடையையே நம்புவார்கள். நம் கல்லூரி உணவகத்திலிருந்தே இப்பழக்கம் தொடங்கலாம். துறை மாணவர்கள் அப்பலகையை நல்ல தமிழில் எழுதித் தர முன்வர வேண்டும்.

அழகர்கோவில் பேருந்து வந்து நாம் ஏறி அமர்ந்தபோது, அப்பேத்தி பொட்டலத்தைப் பிரித்து எண்ணிக்கொண்டிருந்ததைச் சாளரத்தின் வழியே கண்டோம். எண்ணி முடித்ததும் ஒன்றைப் பாட்டிக்குக் கொடுத்தாள். பொட்டலம் எவ்வளவு சுருங்கினாலும் அதிலிருந்து ஒருவர்க்குப் பங்கு கொடுக்கும் கை நம் மக்களிடம் இன்னும் சுருங்கவில்லை. அக்கைக்கு உரிய படியைக் குறையாமல் அளப்பதும், குறைந்தால் குறைந்தது என்று சொல்லி அளப்பதும் வணிகர் கடன். அதைக் கேட்டுப் பெறும் அறிவை வளர்ப்பது கல்விக்கூடத்தின் கடன்.